கிலோவுக்கு எவ்வளவு

2019 ஜனவரி முதல் வாரம் வரை, துபாயிலோ ஷார்ஜாவிலோ இறந்துபோன ஒரு இந்தியரை ஏர் இந்தியாவில் ஊருக்கு அனுப்ப வேண்டுமென்றால், பெட்டியோடு சேர்த்து அவரை எடை போட வேண்டும். சரக்குக் கட்டணம் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்டியும் சேர்ந்தால் நூறு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். குண்டான ஆளுக்குக் கூடுதல், ஒல்லியான ஆளுக்குக் குறைவு. தென்னிந்தியாவுக்கு ஒரு விலை, வடக்கே வேறு விலை. 2018-ன் பிற்பகுதியில் இந்தக் கட்டணத்தை ஏற்றினார்கள். வளைகுடாவில் இருந்த இந்தியர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. பாகிஸ்தான் அரசு விமானம் தன் குடிமகனின் உடலை இலவசமாகக் கொண்டுபோகிறதே என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் 2019 ஜனவரி 5 முதல் எடைக்கணக்கு ஒழிந்தது. பெரியவருக்கு 1,500 திர்ஹம், 12 வயதுக்குக் கீழே 750 திர்ஹம், இந்தியாவில் எந்த ஊர் விமான நிலையமானாலும் ஒரே விலை.

இதற்காகப் பல வருஷம் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் அஜ்மானில் இருக்கும் அஷ்ரஃப் தாமரசேரி. ஆயிரக்கணக்கான உடல்களை ஊருக்கு அனுப்ப உதவியவர், 2015-ல் பிரவாசி பாரதிய சம்மான் வாங்கியவர். செத்தவனை எடை போடுவது அவமானம் என்பதுதான் அவர் தரப்பு. சரக்கு விமானத்துறையின் பக்கமிருந்து பார்த்தால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஏற்றுமதிச் சீட்டில் மனித உடலுக்கென்று 'ஹெச்.யு.எம்.' என்ற மூன்றெழுத்துக் குறியீடே இருக்கிறது. பழத்துக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று, உயிருள்ள மிருகத்துக்கு ஒன்று, நமக்கு ஒன்று.

வெளிநாட்டில் சாகிறவனின் கடைசிச் செலவை யார் கொடுப்பது என்ற கேள்வியைத் துருவிக்கொண்டு போனால் அது விமானத்துக்கு ரொம்ப முன்னாடி போகிறது. எவ்வளவு முன்னாடி என்றால் கி.பி. 136-க்கு.

ரோமுக்குப் பக்கத்தில் லனுவியம் என்று ஒரு ஊர். அங்கே அடிமைகளும், விடுவிக்கப்பட்ட முன்னாள் அடிமைகளும், ஏழைகளும் சேர்ந்து ஒரு சாவுச் சங்கம் நடத்தினார்கள். அதன் விதிகளைப் பளிங்கில் வெட்டி வைத்தார்கள், அது இன்றும் இருக்கிறது. சேர்வதற்கு 100 செஸ்டர்ஸும் ஒரு ஜாடி நல்ல ஒயினும். மாதச் சந்தா 5 செப்புக்காசு. ஒழுங்காகக் கட்டியவர் இறந்தால் சங்கம் 300 செஸ்டர்ஸ் தரும், அதில் 50 சிதைக்கு வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். இதுவரை நம்ம ஊர் சீட்டு மாதிரிதான். அடுத்த ஷரத்துதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு உறுப்பினர் ஊரிலிருந்து 20 மைலுக்கு அப்பால் இறந்து, தகவலும் வந்து சேர்ந்தால், சங்கத்திலிருந்து மூன்று பேர் அங்கே போய் ஈமக்கிரியையை முடித்துவிட்டு வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஆளுக்கு 20 செஸ்டர்ஸ் வழிச்செலவு. கணக்கில் தில்லுமுல்லு செய்தால் நாலு மடங்கு அபராதம். தகவலே வராமல், அந்த ஊர்க்காரர் யாராவது அடக்கம் செய்திருந்தால், ஏழு ரோமானியக் குடிமக்களின் முத்திரையோடு சான்று அனுப்பி அவர் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எஜமான் அடிமையின் உடலைத் தர மறுத்துவிட்டால், ஒரு உருவபொம்மை செய்து அதற்குச் சடங்கு செய்வார்கள்.

பயணப்படி, ரசீது சரிபார்ப்பு, சாட்சிக் கையெழுத்து, மோசடித் தண்டனை, உடல் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மாற்று ஏற்பாடு. இன்றைக்கு ஒரு பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் நாற்பது பக்கத்துக்குப் பொடி எழுத்தில் இருப்பதெல்லாம் அந்த ஒரு கல்வெட்டில் இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். இதை எழுதியவர்கள் சாகப்போகிறவர்களே.

உருவபொம்மை நமக்கும் தெரிந்ததுதான். உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் ஆள் செய்து தகனம் பண்ணும் வழக்கம் இங்கே உண்டு. ஆனால் 20 மைல் ஷரத்து நம்மிடம் இல்லை என்றே நினைக்கிறேன். தமிழ்க் கிராமத்தின் சாவு ஏற்பாடு பிரமாதமானது, ஆனால் அது ஊர் எல்லைக்குள்தான் வேலை செய்யும். சேதி சொல்ல ஒரு ஆள், பாடை கட்ட ஒரு ஆள், பறையடிக்க, குழி வெட்ட, சவரம் செய்ய என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதி, அவரவருக்குக் குறித்த கூலி. கூலியென்பது பல சமயம் நெல்லும் அவமரியாதையும். கோடித்துணி சம்பந்தி வீட்டிலிருந்து வரும், பதினாறாம் நாள் செலவில் பங்காளிகள் கைகொடுப்பார்கள். யார் எதைத் தர வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இந்த மொத்த ஏற்பாட்டையும் கப்பலில் ஏற்ற முடியாது. 1860 அக்டோபர் 12-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலுக்குக் கிளம்பியபோது, அதில் 342 பேர் இருந்தார்கள். அவர்களுடைய பங்காளிகள் கரையில்.

நேட்டால் ஒப்பந்தத்தில் ஐந்து வருஷம் கூலி வேலை, மேலும் ஐந்து வருஷம் அங்கேயே இருந்தால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் சீட்டு. உயிரோடு இருந்தால். 1860-லிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருடைய பதிவேடுகள் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். செங்கல்பட்டு ஜில்லா என்று வருகிற பெயர்கள் நிறைய. அந்தக் காலத்தில் எங்கள் பக்கமெல்லாம் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. கடலில் செத்தால் கடலுக்கு, தோட்டத்தில் செத்தால் தோட்டத்துக்கு. காலனி அரசாங்கம் திருப்பி அனுப்பியது ஒன்றைத்தான். இறந்தவர் ஏதாவது சேமிப்போ சம்பள பாக்கியோ விட்டுப் போயிருந்தால், அது சென்னையில் இருந்த குடியேற்ற அதிகாரி வழியாக வாரிசைத் தேடிப் போகும். ஆள் வராது, அவருடைய சில பவுன்கள் வரும். அந்தப் பணத்தை வாங்கக் கச்சேரி வாசலில் நின்ற பெண்ணுக்கு, புருஷன் செத்த தகவலே அப்போதுதான் தெரிந்திருக்கக்கூடும்.

மலாயாவில் கணக்கு இன்னும் சுத்தம். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒரு சட்டம் போட்டார்கள், கொஞ்ச காலத்தில் அது இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. ரப்பர் தோட்ட முதலாளிகள் வைத்திருக்கும் கூலியாட்களின் கணக்குப்படி வரி கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் புது ஆட்களைக் கொண்டுவரக் கப்பல் செலவு. வேலைக்கு லாயக்கற்றுப் போனவர்களைத் திருப்பி அனுப்பவும் அதே நிதி. 1930-களின் ஆரம்பத்தில் ரப்பர் விலை படுத்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். உலக வரலாற்றில் இவ்வளவு ஒழுங்கான ஆள் போக்குவரத்து நிதி அபூர்வம். அதில் சவச் செலவுக்கு இடமில்லை. லயத்தில் யாராவது செத்தால் கங்காணியிடம் கடன், இல்லாவிட்டால் பக்கத்து வீடுகளில் வசூல். மலேசியத் தமிழர்களிடம் இன்றும் மரண சகாய நிதி, மரண சகாய சங்கம் என்ற பேச்சு புழங்குவதற்கு வேர் இந்த லயங்களில்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். பங்காளி இல்லாத இடத்தில் சந்தாதாரர்கள் பங்காளி ஆகிவிட்டார்கள்.

அதே காலத்தில் அதே கடல்களில் போன சீனர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். வெளிநாட்டில் புதைத்து, சில வருஷம் கழித்து எலும்பைத் தோண்டிச் சுத்தம் செய்து, பெட்டியில் அடுக்கி ஊருக்கு அனுப்புவார்கள். ஊர்ச் சங்கங்கள் இதற்கு முன்கூட்டியே சந்தா வாங்கின. ஹாங்காங்கில் துங் வா மருத்துவமனை, இப்படி வருகிற பெட்டிகளைச் சொந்தக்காரர் வந்து எடுக்கும்வரை வைத்திருக்கத் தனியாக ஒரு சவப்பெட்டி இல்லமே நடத்தியது. 1902 அக்டோபரில் நியூசிலாந்தில் மூழ்கிய 'வென்ட்னர்' கப்பலில் 499 சீனர்களின் எச்சங்கள் இருந்தன, பெரும்பாலோர் தங்கச் சுரங்கத் தொழிலாளிகள். எல்லாம் ஒரு சங்கம் ஏற்பாடு செய்தது.

நம்மவர்கள் ஏன் செய்யவில்லை? எரித்துவிட்டால் சாம்பல்தானே, அனுப்புவது சுலபம் என்று தோன்றும். ஆனால் போனவர்களில் பெரும்பகுதி புதைக்கிற வழக்கமுள்ள சாதிகள். எரிக்க நினைத்தவர்களுக்கு இடம் கிடைப்பதே போராட்டம். ஜோஹன்னஸ்பர்க்கில் இந்துக்களுக்குத் தகன நிலம் வேண்டுமென்று காந்தி 1908-ல் விண்ணப்பித்தார், பிரிக்ஸ்டன் இடுகாட்டில் செங்கல் தகனக்கூடம் எழுந்தது 1918-ல். என் எண்ணத்தில் உண்மையான காரணம் வேறு. சீனர்களை அனுப்பியது ஊர்ச் சங்கமும் குலச் சங்கமும். நம்மை அனுப்பியது ஏஜெண்டும் கங்காணியும். ஏஜெண்டுக்கு ஆள் போய்ச் சேர்ந்ததும் கமிஷன் முடிந்தது.

காந்தியின் பெயர் வந்ததால் வள்ளியம்மையைச் சொல்லாமல் போக முடியாது. சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ஆம் தேதி இறந்த பதினாறு வயதுப் பெண். ஜோஹன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டெய்ன் இடுகாட்டில் புதைத்தார்கள். 1909-ல் சிறைக் கொடுமையில் இறந்த நாகப்பனும் அங்கேதான். தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், 1914 ஜூலையில், காந்தி இருவருக்கும் நினைவுக்கற்களைத் திறந்து வைத்தார். தில்லையாடி அவளுடைய பெற்றோரின் ஊர். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது, அவள் இல்லை.

எதிர்த்திசையில் ஒரு செலவும் நடந்திருக்கிறது. ஜி.யு.போப் 1908-ல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். 'நான் ஒரு தமிழ் மாணவன்' என்று கல்லறையில் எழுதச் சொன்னார் என்ற கதையை எல்லோரும் பள்ளியில் கேட்டிருப்போம். கல்லில் அப்படி ஒன்றும் இல்லை. உண்மையில் இருப்பது எனக்கு அதைவிடப் பிடித்தது: அவருடைய குடும்பமும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை வைத்தார்கள் என்ற தகவல். பச்சையப்பன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் செல்வக்கேசவராய முதலியார் இங்கே வசூல் செய்து பணம் அனுப்பினார். அதாவது அயல்நாட்டுக் கல்லறை ஒன்றுக்குச் சென்னையில் மொய் எழுதியிருக்கிறார்கள்.

*

நான் வளர்ந்த முத்தாபுதுப்பேட்டையில் சாவையும் அரசாங்கத்தையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஒரு பக்கம் விமானப்படை நிலையம், கொஞ்சம் தள்ளினால் டேங்க் செய்கிற எச்.வி.எஃப்., ராணுவச் சட்டை தைக்கிற ஓ.சி.எஃப்., சி.ஆர்.பி.எஃப். முகாம். தெருவுக்கு நாலு வீட்டில் முன்னாள் ராணுவத்தார் இருப்பார்கள். யாராவது பணியில் இறந்தால் மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வரும், பையன்கள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டுப் போய் நிற்போம். சிப்பாய் எங்கே செத்தாலும் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவது தொன்றுதொட்ட மரபு என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது 1999 கார்கில் போரில்தான் பெரிய அளவில் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் போர்முனைக்குப் பக்கத்திலேயே எரித்துவிடுவார்கள், வீட்டுக்குத் தந்தி வரும்.

பிரிட்டிஷ் பேரரசின் கொள்கை அதைவிடக் கறார். முதல் உலகப் போரில், 1915-லேயே, உடலைத் தோண்டி ஊருக்குக் கொண்டுபோவதைத் தடை செய்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் திரும்பி வருவார்கள், மற்றவர்கள் அங்கேயே கிடப்பார்கள் என்பது ஒரு காரணம். அதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரைட்டனில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தியபோது, அங்கே இறந்த 53 இந்து, சீக்கியச் சிப்பாய்களை ஊருக்கு வெளியே பேட்சம் குன்றில் கட்டை அடுக்கி எரித்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் ஒரு சத்ரி எழுந்தது. செலவை இந்தியா ஆபீசும் பிரைட்டன் நகராட்சியும் ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டன. இந்தியா ஆபீஸ் பணம் என்றால் நம்முடைய வரிப்பணம்தான்.

யூனிஃபார்ம் போட்டவனுக்கு இது. போடாதவனுக்கு? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு, கிட்டத்தட்ட 7,000 பேருக்கு, ஆளுக்கொரு கல்லும் பெயரும் வெட்டிய புல்லுமாக ஒரு இடுகாடு இருக்கிறது. தமிழர்கள் கூட்டுக் குழிகளில். அவர்களுக்கென்று அங்கே ஒரு நடுகல் வந்தது 2023-ல்.

2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எரிந்தது. செத்தவர்களில் 45 இந்தியர்களின் உடல்களை இரண்டே நாளில் இந்திய விமானப்படையின் சி-130ஜே கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதில் ஏழு பேர் தமிழர்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸ்களில் அவரவர் ஊருக்கு. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் சொன்னார், "நாற்பத்தஞ்சு பேரு ஒண்ணா செத்தா ஏர்ஃபோர்ஸ் வரும் தம்பி. ஒத்த ஆளா செத்தா கார்கோ ஆபீஸ்ல நிக்கணும்."

ஒற்றை ஒற்றையாகச் சாகிறவர்கள்தான் அதிகம். 2014-லிருந்து 2019 நவம்பர் வரை ஆறு வளைகுடா நாடுகளில் இறந்த இந்தியத் தொழிலாளர்கள் 33,988 பேர் என்று மக்களவையில் அரசே சொன்னது. தினமும் பதினைந்துக்கு மேல். இவர்களுடைய செலவு யாருடையது என்பதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, உடலைத் தயார் செய்து ஒப்பந்தம் போட்ட ஊருக்கு அனுப்பும் செலவை முதலாளி தலையில் வைக்கிறது, குடும்பம் சம்மதித்து அங்கேயே அடக்கம் செய்தாலொழிய. சிங்கப்பூரில் வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவருக்கும் அடக்கச் செலவோ அனுப்பும் செலவோ முதலாளியுடையது. பிரச்சினை, சட்டத்தில் வருகிற அந்த 'முதலாளி' யார் என்பதில். ஸ்பான்சர் ஒருவர், வேலை வாங்கியவர் வேறொருவர் என்றால்? ஓடிப்போனவன் என்று 'ஹுரூப்' பதிவாகியிருந்தால்? கஃபீல் கையெழுத்துப் போடும்வரை, போலீஸ் காகிதம் வரும்வரை, பிணவறையில் வாரங்கள் போகும், சில நேரம் மாதங்கள். சவூதியில் தகனத்துக்கு இடமில்லை. எரிக்கும் குடும்பமென்றால் உடல் வந்தே ஆக வேண்டும்.

இந்த இடைவெளியில்தான் 2009-ல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி வருகிறது. தூதரகங்கள் கையாளும் பணம். வசதியற்றவர் என்று தெரிந்தால் உடலை அனுப்பும் செலவை அதிலிருந்து தரலாம். இந்த நிதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? வெளிநாட்டில் நீங்கள் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது, மற்ற தூதரகச் சேவை வாங்கும்போது, கட்டணத்தோடு ஒட்டிக்கொண்டு போகிற சின்னத் தொகையிலிருந்து. லனுவியத்துக்காரர்களின் ஐந்து செப்புக்காசேதான், நாம் உறுப்பினர் என்பதே நமக்குத் தெரியாது என்பதைத் தவிர. ரியாத்தில் இறக்கும் கொத்தனாருக்காக சான் ஹோஸேயில் பாஸ்போர்ட் புதுப்பிக்கிறவரும் கொஞ்சம் கொடுக்கிறார். இந்திய அரசு செய்த நல்ல காரியங்களில் இதை ஒன்றாகச் சொல்வேன். சத்தமில்லாமல் நடப்பதால் கேட்டு வாங்காதவர்களும் நிறைய.

இன்னொன்று 2003-ல் வந்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா. பத்தாவது முடிக்காமல், குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், அறிவிக்கப்பட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயக் காப்பீடு. 2 வருஷத்துக்கு 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375. விபத்து மரணத்துக்கு 10 லட்சம், உடலைக் கொண்டுவரும் செலவும் உண்டு. பாலிசி காகிதம் பெரும்பாலும் ஏஜெண்ட் கொடுத்த கவரில் கிடக்கும், அந்தக் கவர் லேபர் கேம்ப் கட்டிலுக்கு அடியில். வீட்டுக்காரம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேரளத்தில் நோர்கா விமான நிலையத்திலிருந்து வீடு வரை இலவச ஆம்புலன்ஸ் ஏற்பாட்டை நெடுநாளாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலச் சட்டம் வந்தது 2011-ல், வாரியம் அமைந்தது 2022-ல். நடுவில் பதினோரு வருஷம்.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், அபுதாபியிலிருந்து டெல்லி வந்து இறங்கிய மூன்று உடல்களை இறக்க அனுமதிக்காமல் அதே விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், விதிமுறையைத் திருத்தி, பிறகுதான் கொண்டுவந்தார்கள். உடல் எல்லை தாண்டுவது பற்றி 1937-லேயே பெர்லினில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், உடலுக்கென்று தனிப் பயணச்சீட்டு, அதாவது ஒரு வகைப் பாஸ்போர்ட், எப்படி இருக்க வேண்டும் என்பது வரை. காகிதம் எல்லாம் முன்பே இருக்கிறது, யார் மேஜையில் இருக்கிறது என்பதுதான் எப்போதும் தெரிவதில்லை. 2023 ஆகஸ்டில் சுகாதார அமைச்சகம் இ-கேர் என்ற இணைய வாசலைத் திறந்தது. உடல் எந்த விமானத்தில் வருகிறதோ அதற்கான அனுமதியை இப்போது அதில் பதிந்து வாங்கலாம்.

*

இனி எங்கள் கதை. எங்கள் என்றால் பி.இ. முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஓ.எம்.ஆரிலோ தொடங்கி, ஆன்சைட் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். எச்.வி.எஃப். பென்ஷன்காரரின் பிள்ளைகள். கொத்தனாருக்கு இருக்கும் கட்டாயக் காப்பீடு எங்களுக்கு இல்லை. படித்தவனுக்கு அரசாங்கப் பாதுகாப்பு தேவைப்படாது என்பது சட்டத்தின் நம்பிக்கை. அமெரிக்காவில் இது இன்னும் வேடிக்கை. ஜே-1 பரிமாற்ற விசாவில் போகிறவர், உடலை ஊருக்கு அனுப்ப 25,000 டாலர் ஈடு தருகிற காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து மேஜையில் ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. மாணவர் விசாவுக்கும் மத்திய அரசு விதி இல்லை, பல்கலைக்கழகம் கேட்டால்தான் உண்டு. ஐரோப்பாவுக்கு இரண்டு வாரம் சுற்றுலா போகிற மாமாவிடம் ஷெங்கன் விசா கேட்கும் 30,000 யூரோ காப்பீட்டில் இறப்புச் செலவு இருக்கிறது. பத்து வருஷமாக டல்லாஸில் இருக்கும் அவர் மருமகனிடம் இருக்கிறதா என்று அவரே கேட்டுப் பார்க்கலாம்.

செலவு என்ன? அமெரிக்க ஈமச்சடங்கு நிறுவனங்களின் சங்கமே 2023-க்குச் சொன்ன நடுத்தரக் கணக்கு: பார்வைக்கு வைத்துப் புதைத்தால் 8,300 டாலர், எரித்தால் 6,280. பிரிட்டனில் 2024-ல் வெளியான ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கெடுப்பில் சராசரி 4,141 பவுண்ட். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிதி இதற்கு ஒருமுறை தரும் தொகை 255 டாலர், எழுத்துப்பிழை இல்லை, பல பத்தாண்டுகளாக அதே 255. அதுவும் மனைவிக்கோ கணவனுக்கோ, அவர்கள் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கோ மட்டும். கனடாவின் ஓய்வூதியத் திட்டம் 2,500 டாலர் தருகிறது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 1984-ல் வந்த ஃபியூனரல் ரூல். 1963-ல் ஜெசிக்கா மிட்ஃபோர்டு எழுதிய புத்தகம் சவத்தொழிலின் வில்லங்கங்களைப் போட்டு உடைத்ததில் பிறந்த கோபத்துக்கு இருபது வருஷம் கழித்துக் கிடைத்த பலன். ஃபோனில் கேட்டாலே விலை சொல்ல வேண்டும், நேரில் போனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதிய பட்டியல் கையில் தர வேண்டும், பெட்டியை வெளியே வாங்கி வந்தால் மறுக்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவர்கள் பேரம் பேசக் கூசுவார்கள் என்பதே அந்தத் தொழிலின் லாபம். கத்திரிக்காய்க்குப் பேரம் பேசும் நம் ஆட்கள்கூட அங்கே வாய் திறக்க மாட்டார்கள். முன்கூட்டியே பணம் கட்டிவிடலாமே என்றால், அதிலும் கவனம். பிரிட்டனில் சேஃப் ஹேண்ட்ஸ் என்ற முன்பணத் திட்டம் 2022 மார்ச்சில் கவிழ்ந்தபோது ஏறத்தாழ 46,000 பேர் கட்டிய பணம் ஆபத்தில் விழுந்தது. அதே வருஷம் ஜூலை 29-க்குப் பிறகுதான் நிதி ஒழுங்காணையம் இந்தத் தொழிலைக் கைக்குள் கொண்டுவந்தது.

எந்த ஏற்பாடும் இல்லாதவர்களுக்கு இப்போது கோஃபண்ட்மீ. ஒரு மாணவன் விபத்தில் இறந்தால் ஆறு மணி நேரத்தில் பக்கம் திறந்துவிடுகிறார்கள், மறுநாளுக்குள் நாற்பதாயிரம் டாலர் சேர்ந்துவிடுகிறது. நானும் போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். ஆனால் இதை மொய் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மொய்க்கு நோட்டு உண்டு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று அந்த வீடு பல தலைமுறைக்கு நினைவு வைத்திருந்து திருப்பிச் செய்யும், வாங்கியவர் தலைகுனிய வேண்டியதில்லை. இங்கே செத்தவனின் சிரித்த படமும், தங்கை கல்யாணமும், அப்பாவின் சர்க்கரை வியாதியும் விளம்பரமாக வேண்டியிருக்கிறது. படம் நன்றாக இருந்தால் பணம் கூட. நாற்பத்தைந்து வயதில் தனியாக மாரடைப்பில் போன காண்ட்ராக்டருக்கு அவ்வளவு சேர்வதில்லை. வருஷத்துக்கு இருபது டாலர் என்று முன்கூட்டியே எல்லோரும் கட்டுகிற சங்கம் இதைவிட மரியாதையானது. ஒவ்வொரு நகரத்துத் தமிழ்ச் சங்கமும் பொங்கல் விழாவுக்குச் செலவழிக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இதன் மறுபாதி முத்தாபுதுப்பேட்டையில் நடக்கிறது. அப்பா இங்கே இறக்கிறார், மகன் அங்கே. முன்பெல்லாம் காலையில் செத்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். ஃப்ரீசர் பெட்டி வந்தபிறகு எல்லாச் சாவும் ஒரு விமானத்துக்காகக் காத்திருக்கிறது. நாள் வாடகைக்குக் கிடைக்கிறது, ஃபோன் செய்தால் ஒரு மணி நேரத்தில் வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, பெட்டி எல்லாம் இறங்கிவிடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். மகன் இரண்டு ஊர் மாறி வருவதற்கு நாற்பது மணி நேரம். கடைசி நேர டிக்கெட்டின் விலை இங்கே ஆகிற மொத்தச் சாவுச் செலவைவிடப் பல மடங்கு. ஹெச்-1பி முத்திரை காலாவதியாகியிருந்தால் வந்தவன் திரும்பிப் போக முடியுமா என்ற கவலை வேறு, அதனால் வராமலே வீடியோ காலில் பார்த்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் கொள்ளி வைக்கிற தம்பி மகனுக்குப் பின்னால் ஒருவர் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போவார்.

நானும் மனைவியும் போன மாதம் உட்கார்ந்து ஒரு கோப்பு தயார் செய்தோம். கம்பெனி கொடுத்திருக்கும் குழுக் காப்பீட்டில் உடலை அனுப்பும் பிரிவு இருக்கிறதா, உச்சவரம்பு எவ்வளவு, வேலை போனால் எத்தனை நாள் வரை செல்லும். டெர்ம் இன்ஷூரன்ஸின் நாமினி இன்னும் அம்மாதான், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றவே இல்லை. இந்திய வங்கிக் கணக்கு, என்.ஆர்.ஓ., இரண்டுக்கும் கூட்டுப் பெயர். பாஸ்போர்ட் அசல் எந்த டிராயரில். தூதரகம் அதை ரத்துசெய்து முத்திரை குத்தினால்தான் உடல் விமானம் ஏறும். உடலாக அனுப்ப எம்பாமிங் சான்று, தொற்றுநோய் இல்லை என்ற சான்று, இறப்புச் சான்று, தடையில்லாச் சான்று எல்லாம் வேண்டும். சாம்பலாக என்றால் தகனச் சான்றும் இறப்புச் சான்றும் பிரதானம், தெரிந்தவர் யாராவது கைப்பையிலேயே கொண்டு வந்துவிடலாம். செலவு வித்தியாசம் ஆயிரக்கணக்கான டாலர். நான் சாம்பல் போதும் என்றேன். அவள், "அத்தைக்கு மூஞ்சி பாக்க வேணாமா?" என்றாள். அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

அதற்கு அடுத்த வரி, இருவருமே ஒரே விபத்தில் போய்விட்டால் அங்கே யார் கையெழுத்துப் போடுவது. ரத்த உறவு அங்கே இல்லாவிட்டால் ஊரிலிருந்து பெற்றோர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் வேண்டும். பட்டாபிராமில் ஒரு நோட்டரியிடம் அப்பா அதை வாங்கி ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், அதுவும் அந்த நிலைமையில். நாலு தெரு தள்ளி இருக்கிற ஒரு நண்பனிடம் கேட்டோம். சரி என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனும் அவன் பாஸ்போர்ட் நகலை எங்களுக்கு அனுப்பிவைத்தான்.